நாடு நீங்கியும் நூல் நீங்காத மன்னர்: தஞ்சை இரண்டாம் சரபோஜி

நன்னிலம், குடவாசல் வட்டாரத்து நெல்வயல்களுக்கு நடுவே ஆதிபகவான் தீபநாயகராக எழுந்தருளியிருக்கும் தீபங்குடியைத் தமிழ்ச் சமணர் அனைவரும் அறிவர். முதற் குலோத்துங்க சோழனின் அவைப்புலவராக விளங்கிக் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாருக்கு அவ்வூரே பிறப்பிடம் என்பது மரபு. வயலோரத்துச் சிற்றூரில் பிறந்த ஒருவரை அரசவை அழைத்து இருக்கை தந்த காலம் அது. கற்றோர் கூடுவதற்கு அரசன் இடம் கொடுப்பதும், அக்கூட்டத்தினால் அரசனுக்குப் புகழ் சேர்வதும் காவிரி நாட்டில் நெடுநாள் வழக்கம். சோழர் மறைந்து, நாயக்கர் வந்து, 1676இல் மராட்டியர் தஞ்சை அரியணை ஏறிய பின்னும் அவ்வழக்கம் அறுபடவில்லை. அவ்வழக்கத்தில் வந்த கடைசிப் பெரிய மன்னர் இரண்டாம் சரபோஜி. மற்ற மன்னர்களுக்கு இல்லாத ஒரு நிலை அவருக்கு வாய்த்தது. தம் அவையில் புலவர்களுக்கு இருக்கை தந்த அவரையே, கடல் கடந்த இலண்டன் மாநகரின் கற்றோர் சங்கம் ஒன்று தன் மதிப்புறு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அப்பொழுது அவருக்கு ஆள்வதற்கென்று நாடு இல்லை.

1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24இல் போன்சலே குலத்தின் கிளைக் குடும்பம் ஒன்றில் சரபோஜி பிறந்தார். அவர் பிறந்த காலம் தஞ்சைக்கு நல்ல காலம் அன்று. 1773இல் ஆர்க்காட்டு நவாபின் படை கோட்டையைப் பிடித்தது. 1776இல் ஆட்சி மீண்டும் துளஜா மன்னர் கைக்கு வந்தது. 1781இல் ஐதர் அலியின் படையெடுப்பு காவிரிக் கழனிகளைப் பாழாக்கியது. மக்கள் ஊர் விட்டு ஊர் பெயர்ந்தனர். தம் மக்களை எல்லாம் இழந்து நோயுற்றிருந்த துளஜா, 1787இல் பத்து வயதும் நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்துக்கொண்டார். சிறுவனைக் காக்கும் பொறுப்பை ஜெர்மானிய நாட்டுப் பாதிரியாரான சுவார்ட்ஸ் என்பவரிடம் ஒப்படைக்க விரும்பினார். சைவ மரபில் வந்த அரசர் ஒருவர் தம் பிள்ளையை வேற்றுச் சமயத் துறவி ஒருவர் கையில் ஒப்புவிக்க முன்வந்தது, அரண்மனைக்குள் நம்பத் தகுந்தவர் எவரும் இல்லை என்பதையே காட்டுகிறது.

துளஜா மறைந்ததும் அவருடைய மாற்றாந்தாய் வழித் தம்பி அமரசிங்கர் அரியணையைக் கைப்பற்றினார். தத்து செல்லாது என்று பண்டிதர் சிலர் கருத்துரைத்தனர். கும்பினியாரும் அதனை ஏற்றனர். சிறுவன் சரபோஜி வெளிச்சமும் கல்வியும் இன்றி ஏறத்தாழச் சிறைப்பட்டவனாய் வைக்கப்பட்டான். பின்னாளில் பல்லாயிரம் நூல்களைச் சேர்த்த ஒருவர் படிக்கவேண்டிய வயதில் படிக்க விடப்படவில்லை. அவருடைய பிற்கால நூல்வேட்கையை எண்ணும்போது இந்த இருட்டறை ஆண்டுகளை மறப்பதற்கில்லை. சுவார்ட்ஸ் இடைவிடாது முறையிட்டதன் பயனாக 1793இல் சரபோஜியும் துளஜாவின் தேவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கெரிக்கே என்ற மற்றொரு பாதிரியார் அவருக்குக் கல்வி கற்பித்தார். மராட்டியோடும் வடமொழியோடும் ஆங்கிலமும் ஐரோப்பிய அறிவியலும் அவர் நெஞ்சில் குடிபுகுந்தன. இதற்கிடையே தத்து செல்லும் என்று வேறு பண்டிதர்கள் கருத்துரைத்தனர். 1798 ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார்; அமரசிங்கர் திருவிடைமருதூருக்கு ஒதுங்கினார். ஒரே சாத்திரத்தைக் கொண்டு செல்லாது என்றும் செல்லும் என்றும் சொல்ல முடிந்தமைக்குச் சாத்திரம் காரணம் அன்று. கும்பினியாரின் கணக்குகளே காரணம் என்று கொள்வதே பொருத்தம்.

அக்கணக்கு விரைவில் வெளிப்பட்டது. 1799 அக்டோபர் 25ஆம் நாள் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியாரைச் சேர்ந்தது. தஞ்சைக் கோட்டையும் அதனை ஒட்டிய சிறு பகுதியும் மட்டுமே மன்னருக்கு எஞ்சின. ஆண்டுதோறும் ஓர் இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குத் தருவதென முடிவாயிற்று. அன்று முதல் தீபங்குடி உழவனும் மன்னார்குடி வணிகனும் செலுத்திய வரி கும்பினிக் கச்சேரிக்குப் போயிற்று. அதில் ஒரு பகுதி சுற்றி வந்து அரண்மனையை அடைந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இந்த இடத்தில் சரபோஜியைக் குறைகூறுவோர் உண்டு. அதே ஆண்டுகளில் தெற்கே பாளையக்காரர் வாளேந்திப் போரிட்டனர். மருது சகோதரர் 1801இல் தூக்கிலேறினர். தஞ்சை மன்னரோ கையொப்பம் இட்டார். பின்னர் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபேந்திரராசப்பட்டினக் கடற்கரையில் மனோரா என்னும் எட்டுநிலைக் கோபுரத்தையும் எழுப்பினார். இவை மறைக்கத் தக்கன அல்ல. ஆயினும் கும்பினியின் தயவால் அரியணை பெற்று, படையும் வரியும் இல்லாது நின்ற ஓர் இளைஞரிடம், தமக்கு எஞ்சியதைக் கொண்டு என்ன செய்தார் என்று கேட்பதே நடுநிலையான கேள்வியாகும். அக்கேள்விக்கு முதல் விடை அவர் 1801 தொடக்கத்தில் ஆங்கிலப் பிரதிநிதி பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய ஒரு மடலில் இருக்கிறது.

தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழிநெடுக மராட்டிய மன்னர்களும் தேவியரும் சத்திரங்கள் அமைத்திருந்தனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள்புரம் அவற்றுள் ஒன்று. நாட்டைக் கையேற்ற கும்பினியார் அச்சத்திரங்களுக்குரிய மானிய நிலங்களிலும் கைவைத்துவிடுவர் என்ற அச்சம் எழுந்தது. நாட்டைக் கொடுத்தபோது வாதாடாத சரபோஜி சத்திரங்களுக்காக வாதாடினார். அங்கு நடப்பவற்றை அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். அந்தணர் முதல் கடைக்குலத்தார் வரை வழிப்போக்கர் எவர் வரினும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியும் பருப்பும் அளக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, அன்று உணவு கிடைக்காதவர் எவரேனும் உளரோ என்று அழைத்து உணவு தரப்படும். வேதம் கற்பிக்க ஆசிரியர்களும், சிறுவர்க்கு எழுத்தறிவிக்க உபாத்தியாயரும், நோய்க்கும் வீக்கத்திற்கும் நச்சுக்கடிக்கும் மருத்துவம் செய்யும் வைத்தியர்களும் இருப்பர். பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கேயே வளர்க்கப்படுவர். வழியில் பேறுகாலம் வந்த பெண்டிர்க்கு வேண்டுவன செய்யப்படும். எவரேனும் இறந்துவிட்டால் அவரவர் குலமுறைப்படி ஈமக்கடன் நடக்கும். மன்னர் கேட்டுக்கொண்டதெல்லாம் இவ்வறம் குலையாமல் இருக்கவேண்டும் என்பதே. அடுத்த ஆண்டிலேயே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள்புரம் சத்திரத்தை அவர் புதிதாகக் கட்டினார். அங்கும் பள்ளி நடந்தது.

ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு என்று ஜைன இல்லறத்தார் பயில்வர். சரபோஜி அக்கோட்பாட்டைப் படித்துச் செய்தார் என்பதற்கில்லை, அவர் சைவர். ஆயினும் அம்மடலைப் படிக்கும் ஜைனர் எவருக்கும் அவ்வரிசை நினைவுக்கு வராமல் போகாது.

சாஸ்திர தானத்தில்தான் அவர் பெயர் நின்றது. நாயக்கர் காலத்திலேயே தஞ்சை அரண்மனையில் ஏடுகள் திரண்டிருந்தன. மராட்டிய மன்னர்களும் சேர்த்துவந்தனர். அதனைச் சரசுவதி மகால் என்று உலகறிய வளர்த்தவர் சரபோஜி. பதவி விட்டு இலண்டனுக்குத் திரும்பிய டோரினே அவருக்கு நூல் வாங்கி அனுப்பும் முகவரானார். மருத்துவம், வேதியியல், செடியியல், வானநூல், உடற்கூறு, இசை, நிலப்படம் எனப் பெட்டி பெட்டியாக நூல்களும் கருவிகளும் கப்பலேறி வந்தன. ஐரோப்பிய மொழி நூல்கள் மட்டும் ஏறத்தாழ 4,500 சேர்ந்தன. அவற்றில் பலவற்றின் முகப்பில் மன்னர் தம் கைப்பட ஆங்கிலத்தில் பெயரெழுதி வைத்திருக்கிறார். சிலர் அலங்காரத்துக்காகவே நூல் வாங்குவர். ஓரங்களில் குறிப்பெழுதி வாசித்தவராதலின் சரபோஜியை அவ்வகையில் சேர்க்க இயலாது.

வந்த நூல்கள் அரண்மனைக்குள்ளேயே அடைபடவில்லை. 1805இல் அவர் தேவநாகரி எழுத்துகளுடன் ஓர் அச்சகம் நிறுவினார். தென்னாட்டில் அவ்வெழுத்துக்கு அமைந்த முதல் அச்சகம் அதுவே. ஈசாப்பின் நீதிக்கதைகள் மராட்டியில் பெயர்க்கப்பட்டு அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சேறின. அரண்மனைப் பள்ளியில் தமிழ், தெலுங்கு, மராட்டி, வடமொழி, பாரசீகம், ஆங்கிலம் ஆகியன கற்பிக்கப்பட்டன. உலக நிலவியலைப் பிள்ளைகள் பாடியும் ஆடியும் கற்கட்டும் என்று தேவேந்திரக் குறவஞ்சி என்னும் நாடகத்தை மன்னரே மராட்டியில் எழுதினார். குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் கூறுவது குறவஞ்சி மரபு. சரபோஜியின் குறத்தி கண்டங்களையும் கடல்களையும் நாடுகளையும் வரிசையாகக் கூறுகிறாள்! புதிய அறிவைப் பழைய பாத்திரத்தில் பரிமாறும் இந்தத் திறம், அந்நாளில் பள்ளி நடத்திய வெள்ளையருக்குத் தோன்றாத ஒன்று.

தன்வந்திரி மகால் என்ற மருத்துவக் கூடமும் இத்திறத்தால் எழுந்ததே. ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கிலும் வல்லவர்கள் அங்கே மருந்துகளைச் செய்து, கொடுத்து, பயனைக் குறித்துவைத்தனர். பயன் கண்ட முறைகளை அரண்மனைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக்கினர். அவையே சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் தொகுதிகள். கண்நோயாளர் பற்றிய பதிவுகள் இன்றும் காணத்தக்கவை. நோயுற்ற கண்ணின் வண்ணப்படம், நோயின் வரலாறு, செய்த மருத்துவம் ஆகியன ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உள்ளன. வேந்தர் பெயரால் கவி பாடிய அவை, சாமானியர் ஒருவரின் கண்புரையையும் படமெழுதிப் பாதுகாத்தது.

இசைக்கும் கூத்துக்கும் அவர் செய்தவை தனி நூலாக விரியும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அவர்தம் அவையில் தொடங்கியவரே. மேனாட்டுப் பிடில் தென்னக இசையில் இடம் பிடித்ததில் அவ்வவைக்குப் பங்குண்டு. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீது பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரியகோயிலில் ஆடப்பட்டது. அப்பெரியகோயில் மதிலிலேயே 1803இல் போன்சலே குல வரலாற்றை மராட்டியில் கல்வெட்டாகப் பொறித்தனர். உலகின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் அதுவும் ஒன்று. ஆட்சி போன நான்காம் ஆண்டில் குலவரலாற்றைக் கல்லில் எழுதுவிக்கத் தோன்றிய மனநிலையை விளக்கவேண்டியதில்லை.

கலைச் சங்கங்களோடு அவர்க்கு வாய்த்த முதல் தொடர்பு ஒரு துயரத்தால் வந்தது. அரியணை ஏறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1798 பிப்ரவரி 13இல், சுவார்ட்ஸ் காலமானார். தாம் காத்த பிள்ளை முடிசூடியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சரபோஜி வந்து உடல்மீது கண்ணீர் சொரிந்தார். ஆசானுக்காக அவர் ஆங்கிலத்தில் எழுதிய இரங்கற்பா கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றிய இந்தியருள் மிக முற்பட்டவர் அவர். அதனோடு அமையாது, சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் வேண்டும் என்று இலண்டனுக்கு எழுதினார். 1768இல் அரசர் ஆதரவில் தோன்றிய இராயல் அகாதெமி என்னும் கலைச்சங்கத்தின் உறுப்பினரும், பின்னர் அங்கே சிற்பப் பேராசிரியர் ஆனவருமான ஜான் பிளாக்ஸ்மன் அதனைச் செதுக்கினார். சாவுப்படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையை இளவரசர் சரபோஜி பற்றியிருக்கும் காட்சி அது. தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. மன்னர் மதம் மாறவில்லை. மாறவேண்டும் என்று ஆசான் விரும்பியிருக்கக்கூடும். அதனால் நன்றி குறையவில்லை, தம் சமயப்பற்றும் தளரவில்லை.

1820இல் அவர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் உடன்வரக் காசி யாத்திரை புறப்பட்டார். திரும்பியது 1822இல். மற்ற அரசர்கள் கங்கைநீர் கொண்டுவந்தனர்; இவர் சுவடிகளும் கொண்டுவந்தார். விலைக்குக் கிடைத்தவற்றை வாங்கினார், கிடையாதவற்றை உடன்வந்த பண்டிதர்களைக் கொண்டு படியெடுப்பித்தார். காசியின் படித்துறைகளை ஓவியமாகவும் எழுதச் செய்தார்.

அவர் யாத்திரை முடித்துத் திரும்பிய மறுஆண்டு, 1823இல், ஹென்றி தாமஸ் கோல்புரூக் என்னும் வடமொழி அறிஞர் முன்னின்று இலண்டனில் ஒரு சங்கம் கூட்டினார். 1824இல் நான்காம் ஜார்ஜ் அரசர் அதற்கு அரசுச் சாசனம் வழங்கவே அது இராயல் ஏசியாடிக் சொசைட்டி ஆயிற்று. கோல்புரூக்கின் பெயர் ஜைனர் அறியவேண்டிய பெயர். 1807இலேயே கல்கத்தாச் சங்கத்தின் ஆய்வேட்டில் ஜைன சமயம் பற்றி விரிவாக எழுதியவர் அவர். அதே தொகுதியில் காலின் மெக்கன்சி தென்னாட்டுச் சமணரிடம் கேட்டறிந்த செய்திகளும் வெளிவந்தன. புதிய சங்கத்தின் முதல் தொகுதியிலும் ஜைனர் பற்றிய கட்டுரைகள் இடம்பெற்றன. அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. ஜைனத்தையும் பௌத்தத்தையும் குழப்பிக்கொண்டதும், மகாவீரரின் கணதரரான கௌதமரைப் புத்தர் என்று மயங்கியதும் அக்கால மேனாட்டார் வழக்கம். 1879இல் ஹெர்மன் யாக்கோபி கல்பசூத்திரப் பதிப்பில் அம்மயக்கத்தைத் தெளிவிக்கும் வரை அது நீடித்தது. ஏடுகளைத் தொகுத்து ஒப்பிட வாய்ப்பு அமையாத இடத்தில் கற்றோர் சங்கமும் தடுமாறும் என்பதற்கு இது சான்று.

அச்சங்கம் தோன்றிய ஒன்பது ஆண்டுகளுக்குள் சரபோஜியைத் தன் மதிப்புறு உறுப்பினராக்கிக்கொண்டது. அதன் அருமை இன்றைக்கு எளிதில் விளங்காது. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் தொடங்கிய கல்கத்தா ஆசியச் சங்கம், இந்திய நூல்களையே ஆராய்ந்தும், 1829 வரையில் இந்தியர் ஒருவரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பண்டிதர்கள் வாசல்வரை வந்து பொருள் சொல்லிப் போயினர். அத்தகைய நாளில் தஞ்சையில் இருந்த ஒருவரை இலண்டன் சங்கம் தன்னுள் ஒருவராக எண்ணியது. 1826 ஈஸ்டர் நாள்களில் தஞ்சை வந்த கல்கத்தாப் பேராயர் ஹீபர், வேதியியலில் லவாசியேவையும் செடியியலில் லின்னேயசையும் எடுத்துப் பேசிய மன்னரைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அடுத்த வாரமே பேராயர் திருச்சிராப்பள்ளியில் இறந்துபோனார். அவர் எழுதிவைத்தது ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. நாட்டை எடுத்துக்கொண்ட இனத்தார் கொடுத்த மதிப்பு என்ற கசப்பு அதில் உண்டு. ஆயினும் அரியணையைப் போல இது எவர் தயவாலும் வந்ததன்று. பண்டிதர் கருத்தை மாற்றி இதனைப் பறிக்கவும் இயலாது.

1832 மார்ச் 7ஆம் நாள் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண்வாரிசின்றி இறக்கவே, கும்பினியார் அரச பட்டத்தை ஒழித்ததோடு அரண்மனைச் சொத்துகளையும் கைக்கொண்டனர். அச்சொத்துகளுள் நூலகமும் அடங்கும். மூத்த தேவி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்றது. எனினும் 1862இல் தனிச்சொத்துகள் குடும்பத்தாருக்குத் திருப்பித் தரப்பட்டன. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் வடமொழி ஏடுகளுக்கு ஓர் அட்டவணை தொகுத்து 1880இல் முடித்தபின், அங்கிருந்தவற்றின் அளவைக் கண்டு மேனாட்டறிஞர் திகைத்தனர். சரபோஜியின் வழிவந்தோர் நூலகத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஓர் இலட்சம் ரூபாய் நிதியும் சேர்த்து மக்களுக்கே அளித்தனர். 1918 அக்டோபர் 5 முதல் அது பொது நூலகம்.

இன்று அங்கே 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் கலந்து சிறு துணிமுடிப்புகளாகக் கட்டி ஏட்டுக்கட்டுகளுக்கு இடையே வைக்கிறார்கள். சுருத பஞ்சமியன்று இல்லத்து ஏடுகளைப் பிரித்துத் துடைத்து மீண்டும் கட்டிவைக்கும் ஜைனக் குடும்பத்தார் அந்நூலகத்துள் நுழைந்தால் அந்த மணத்தை உடனே அறிவர்.